இல்திகோ வெளியே வரவில்லை

குற்றாலத்தில் இருபத்திரண்டு வருஷமாக டாக்சி ஓட்டுகிறவர் பெஞ்சமின். வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். சீசன் மாதங்களில் அருவிக்கு வருகிறவர்கள், மற்ற மாதங்களில் கல்யாணம், ஆஸ்பத்திரி, ரயில் என்று வண்டி ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் அவர் வண்டியில் ஏறுவது அபூர்வம். அப்படி ஏறியவர்களில் திரும்பத் திரும்ப வந்தவர் ஒருவர்தான்: இல்திகோ. ஹங்கேரியில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் முதல் தடவை வந்தார். பெஞ்சமினின் மனைவி முத்துசெல்வி அவரை ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டிப்போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினார். பத்தாம் நாள் அந்தக் கை தலையைத் தொட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும், "தண்ணி வருதா?" என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ச் செய்தி வந்துவிடும்.

போன வருஷம் அவர் நாலாவது முறையாக வந்தபோது லாட்ஜ்காரர்கள் வரிசையாகக் கையை விரித்தார்கள்.

"பாரின் பார்ட்டி வேண்டாம் அண்ணாச்சி," என்றார் ஒரு மேனேஜர். "தங்குற ஒவ்வொரு ஆளுக்கும் போலீசுக்கு ஆன்லைன்ல சி ஃபார்ம் ஏத்தணும். ஒரு நாள் தப்பிட்டுன்னா நான்தான் பதில் சொல்லணும். சீசன் நேரத்துல எனக்கு எதுக்கு அந்தத் தலவலி?"

மூன்று லாட்ஜ் ஏறி இறங்கினார்கள். பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு இல்திகோ, "நான் என்ன தப்பு செய்தேன், பென்?" என்று கேட்டார். பெஞ்சமினுக்கு மானம் போனது. சாயங்காலம் எப்படியோ ஓர் அறை கிடைத்தது. ஆனால் அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், அடுத்த வருஷம் இந்த அம்மா நம் வீட்டு மாடியில்தான் தங்க வேண்டும் என்று.

மாடியில் ஓர் அறை ஏற்கெனவே இருந்தது. அதில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தார், வெள்ளை அடித்தார். அதெல்லாம் சுலபம். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்க வீட்டைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு சி ஃபார்ம் ஏற்றத் தனியாகப் பெயரும் பாஸ்வேர்டும் வாங்க வேண்டும். அதற்குத்தான் ஏழு மாதம் போனது. வரி ரசீதில் 'பெஞ்சமின்', ஆதாரில் 'பென்ஜமின்' என்று இருந்ததால் ஒரு மனு திரும்பி வந்தது. வீட்டு வரைபடத்தில் படிக்கட்டைக் காணோம் என்று இன்னொன்று. மே மாதக் கடைசியில் எல்லாம் கைக்கு வந்தபோது, "இனிமே எவன்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்," என்று மனைவியிடம் சொன்னார்.

ஜூலை முதல் வாரம், புளியரை தாண்டி மலையேறி, கேரளத்து விமான நிலையத்துக்கு வண்டியை ஓட்டிப்போனார். விமானம் பத்தே காலுக்கு இறங்கியது. பதினொன்றரைக்குள் அதில் வந்தவர்கள் எல்லாம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இல்திகோ வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் போனில் செய்தி வந்தது.

"பென், என் பாஸ்போர்ட் சரியில்லை என்கிறார்கள். போட்டோ பக்கத்தில் பிளாஸ்டிக் ஓரம் தூக்கியிருக்கிறது. மெஷின் படிக்க மாட்டேன் என்கிறது. யாரோ பிரித்து ஒட்டினதுபோல இருக்கிறதாம். விசா சரியாக இருந்தாலும் உள்ளே விட முடியாதாம். நாலு மணி விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்."

அந்த ஓரம் எப்படித் தூக்கியது என்று பெஞ்சமினுக்குத் தெரியும்.

போன ஜூலையில் ஐந்தருவிப் படிக்கட்டில் ஒரு குரங்கு இல்திகோவின் கைப்பையைப் பறித்தது. பழம் இல்லை என்றதும் ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட்டுப் போனது. பெஞ்சமின் இறங்கி எடுத்தார். பாஸ்போர்ட் ஊறிப்போயிருந்தது. வீட்டில் ஃபேனுக்கு அடியில் இரவெல்லாம் வைத்தும் தாள்கள் சுருண்டுகொண்டே இருந்தன. காலையில் முத்துசெல்வி அதன்மேல் பருத்தித் துண்டை விரித்து, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து, பக்கம் பக்கமாகத் தேய்த்துக் கொடுத்தார். இல்திகோ அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது எங்கேயும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் எல்லாரும் அதை மறந்தே போனார்கள்.

பெஞ்சமின் வாசல் காவலரிடம் ஓடினார்.

"டிக்கெட் இல்லாதெ அகத்து கேறான் பற்றில்லா, சேட்டா," என்றார் காவலர். உள்ளே விட முடியாது என்பதை மூன்று தடவையும் அதே குரலில் சொன்னார். விமானக் கம்பெனி ஜன்னலில் இருந்த பெண், "அது இமிகிரேஷன் விஷயம்," என்று ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். அந்த நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. முத்துசெல்வி கொடுத்துவிட்டிருந்த சாப்பாட்டையாவது உள்ளே கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். அதுவும் முடியாது.

இரண்டு மணி வாக்கில் கழுத்தில் அட்டை தொங்க ஓர் அதிகாரி டீ குடிக்க வெளியே வந்தார். பெஞ்சமின் போய் முன்னால் நின்றார்.

"சார், அந்த ஹங்கேரி அம்மா பாஸ்போர்ட்டு. தண்ணில விழுந்துட்டு, எங்க வீட்டுலதான் காய வச்சோம். என் வீட்டுக்காரிதான் இஸ்திரி போட்டா. யாரும் பிரிச்சு ஒட்டல சார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அதிகாரி கடைசிவரை கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "நீங்க சொல்றது உண்மையாயிருக்கும்," என்றார் மலையாளம் கலந்த தமிழில். "ஆனா நாளைக்கு வேற ஒருத்தன் இதே கதையைச் சொன்னா? வாய்வார்த்தையை நம்பி ஆளை விட எனக்கு அதிகாரம் இல்ல. அவங்க புது பாஸ்போர்ட் எடுத்து, புதுசா விசா போட்டு வரட்டும்."

அந்த ஆள் எரிந்து விழுந்திருந்தால் பெஞ்சமின் பதிலுக்குச் சத்தமாவது போட்டிருக்கலாம். நாலரைக்கு ஒரு விமானம் ஏறுவதைக் கார் நிறுத்தத்திலிருந்து பார்த்தார். அதுதானா என்றுகூட அவருக்குத் தெரியாது.

வீட்டில், "விசாவுல ஏதோ கோளாறு," என்று மட்டும் சொன்னார். முத்துசெல்வி மூன்று நாள் அந்த அதிகாரிகளைத் திட்டினார். "அவ்வளவு தூரம் வந்த பொம்பளய வாசலோட அனுப்பிருக்காவளே, மனசாட்சி இருக்கா அவியளுக்கு?" என்று பக்கத்து வீட்டிலும் சொன்னார். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பெஞ்சமினுக்கு எரிச்சல் ஏறியது. நாலாம் நாள் கத்திவிட்டார்.

"வாய மூடு செல்வி. சும்மா அடுத்தவன சொல்லாத."

முத்துசெல்வி அவர் முகத்தையே பார்த்தார். "எதையோ மறைக்கிய. என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். முத்துசெல்வி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதுன்னு நெனச்சுல்லா தேச்சேன்," என்றார். "என்கிட்ட அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா. ஊரெல்லாம் போயி அவியள ஏசிட்டு வந்திருக்கேன்."

இல்திகோ யார்மேலும் குறை சொல்லவில்லை. புது பாஸ்போர்ட் வர மூன்று வாரமாகும், அதற்குள் தன் விடுமுறை முடிந்துவிடும் என்று எழுதினார். தோள் மறுபடி இறுகத் தொடங்கியிருப்பதை மட்டும் ஒரு வரியில் சொன்னார். சாரல் இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசிவரை நின்று பெய்தது. அருவியில் தண்ணீர் விழாத நாள் இல்லை. பெஞ்சமினுக்கு அது ஆத்திரத்தைத்தான் கூட்டியது. மாடி அறையில் கொல்லத்துக்காரர்கள் வந்து தங்கிப்போனார்கள். ஏழு மாதம் அலைந்து வாங்கிய பாஸ்வேர்டு சும்மா கிடந்தது.

செப்டம்பரில் பிரான்சிலிருந்து ஒரு ஜோடி அறை கேட்டு எழுதியது. பெஞ்சமின் பதில் தட்டினார்: பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஓரங்கள் தெரிய வேண்டும், தண்ணீர் பட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள், எத்தனை மாதம் செல்லும் என்றும் எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் இருந்த அதை முத்துசெல்வி மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "குளிக்க வாரவங்க ஒங்ககிட்டயும் ஒருக்கா இமிகிரேஷன் முடிக்கணுமோ?" என்றார்.

"பொறவு அங்கன போயி நிக்கது நாந்தான," என்றார் பெஞ்சமின்.

இரண்டு நாள் கழித்து, வேறு ஊருக்குப் போவதாக அந்த ஜோடியிடமிருந்து ஒரு வரி வந்தது. பெஞ்சமின் அதை மனைவியிடம் காட்டவில்லை. அடுத்து எழுதியவரிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்.