மதகு அக்காவின் பொத்தான்

அருவிக்கு மேலே இருக்கும் அணையில் பதினெட்டு வருஷமாக மதகை இயக்குகிறவரை ஊரே மதகு அக்கா என்றுதான் கூப்பிடும். மதகை மூடினால் ஆற்றுத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கி மின்சாரமாகும். திறந்தால் அருவியாகக் கொட்டும். எதிரே நின்று வாயைப் பிளந்து படமெடுக்கிறவர்களுக்கு, அந்த அருவி ஒரு பொத்தானில் இருப்பது தெரியாது. அக்காவும் சொல்லிக்கொள்வதில்லை.

அன்று காலை அணை அதிகாரி போனிலேயே பறந்தார்.

"பெரிய இடத்து விருந்தாளிங்க வந்து நிக்கிறாங்க. அருவி நூல் மாதிரி ஒழுகுது. உடனே திறங்க!"

"இப்பதான் சங்கு ஊதியிருக்கேன் சார். கீழே குளிக்கிறவங்க ஏறணும். பத்து நிமிஷம் ஆகும்."

"என் மானம் போகுதும்மா!"

அக்கா கேமரா திரையைப் பார்த்தார். ஒருத்தியைத் தவிர எல்லோரும் கரையேறிவிட்டார்கள். அவள் தலை நிறைய நுரையோடு பாறைகளுக்கிடையே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் கழித்து போன் மறுபடி அலறியது. அக்கா பொத்தானைத் தொட்டிருக்கவில்லை.

"இங்க யார் அதிகாரின்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு சார். கீழே ஒரு அம்மா செருப்பைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அவங்க கரையேறுற வரைக்கும் அவங்கதான் அதிகாரி."