கேரளா டவரும் தவசி அண்ணனும்

தவசி அண்ணன் இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்... அவ்வளவுதான். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயது.

போடியில் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கிய பலருக்கும் இவரைத் தெரிந்திருக்கும். ஒரு பிராட்பேண்ட் கம்பெனியின் லைன்மேன். டவுனில் பாதியும், மலையில் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு வரைக்கும் இவர் பொறுப்பு.

நான் சாப்ட்வேர் ஆள். சென்னை கம்பெனி, நாலு வருடமாக போடி வீட்டிலிருந்தே வேலை. என் பிழைப்பு ஓடியது இவர் ஒட்டிக் கொடுத்த லைனில்தான்.

முதல் தடவை வந்தது, முக்கியமான மீட்டிங் பாதியில் அறுந்துபோன அன்று. ஆப்பில் கம்ப்ளெயின்ட் போட்டுவிட்டு, உங்கள் பொறுமைக்கு நன்றி என்ற மெசேஜைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் போட்டார். பத்து நிமிடத்தில் தவசி அண்ணன் வாசலில் நின்றார்.

எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே மெஷினை வைத்து ஃபைபரை ஒட்டிக்கொண்டே சொன்னார். "தம்பி, இனிமே ஆப்புல போடாதீங்க. அது மதுரைக்குப் போயி, மெட்ராசுக்குப் போயி, அப்புறந்தேன் எங்கிட்ட வரும். நான் இந்தா பின்னாடித் தெருவுலதேன் இருக்கேன்."

ஆப் எழுதிச் சம்பாதிக்கிறவனிடம் சொல்கிறார். கேஸுக்கு ஆப், கரண்ட் பில்லுக்கு ஆப், டாக்டர் டோக்கனுக்கு ஆப்... எழுதுகிற எனக்கே அலுத்துவிட்டது.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் ஒரு காபி, கொஞ்சம் கிண்டல். நாள் பூராவும் உட்கார்ந்தே இருக்கிறாரே, இதெல்லாம் ஒரு சோலியா என்று அம்மாவிடம் என்னைப் போட்டுக் கொடுப்பார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் கிண்டல் எதுவும் இல்லை. போனை நீட்டினார். திரையில் ஒரு சிவப்புக் கட்டம். நீங்கள் உங்கள் பணி எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்.

போடிமெட்டில் ஒரு லாட்ஜில் லைனைச் சரி செய்திருக்கிறார். வேலை முடிந்தது என்று லைன்மேன்களுக்குக் கம்பெனி கொடுத்த ஆப்பில் அழுத்தினால் ஏற்கவில்லை. மலை ஏறியதும் போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்கிறது. இவர் கேரளாவில் நிற்பதாக ஆப் முடிவு செய்துவிடுகிறது.

"ரேசன் கார்டு போடியில இருக்கு தம்பி. இந்தப் போனு என்னைய கேரளாக்காரன்ங்குது." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. செய்த வேலை எல்லாம் செய்யாத வேலையாகக் கணக்கில் ஏறுகிறதாம். இன்னொரு மாதம் இப்படி வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மதுரையில் இருக்கும் சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் கம்பெனி செய்து விற்ற ஆப். எல்லையைச் சோதிக்கும் அந்த இடத்தை எழுதியது நான்.

வீட்டில் இருந்துகொண்டே வேலை முடிந்தது என்று அழுத்துகிறவர்களைப் பிடிக்க எழுதினேன். ஜிபிஎஸ் கிடைக்காவிட்டால் டவரைப் பார், மாநிலம் மாறினால் விடாதே. மெட்டுக்குப் போனாலே கேரளா உங்களை வரவேற்கிறது என்று மெசேஜ் வரும் ஊர்க்காரன் நான். எழுதும்போது ஒரு நிமிடம்கூட அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. கூச்சமோ, பயமோ... தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆபீசில் டிக்கெட் போட்டேன். எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை என்று மீட்டிங்கில் கேட்டார்கள். தெரிந்து நாலு பேர் என்றேன். பிறகு பார்க்கலாம் என்றார்கள். நானும் சரி என்றேன். எத்தனையோ டிக்கெட்டுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு தடவை விசாரித்தார். மூன்றாவது தடவை அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க என்ன செய்வீங்க தம்பி. பெரிய எடம், மெதுவாத்தேன் அசையும்."

அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மெட்டில் வேலையை முடித்துவிட்டு, நம்ம டவர் கிடைக்கும் வளைவு வரை வண்டியில் இறங்குவார். அங்கே நின்று அழுத்துவார். மேலே இன்னொரு வேலை இருந்தால் திரும்ப ஏறுவார்.

ஒருநாள் நண்பர்களோடு காரில் மேலே போகும்போது பார்த்தேன். நல்ல மூடுபனி. ரெயின்கோட்டோடு ரோட்டோரச் சுவரில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். கண்ணாடியை இறக்கியதும், "ஆபீசுக்கு வந்திருக்கேன் தம்பி" என்றார். காரில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களத்தேன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்காக மேல பேசுற ஒரே ஆளு அந்தத் தம்பிதேன்னு."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய... அத்தனை பேர் இருந்தார்கள்.

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தேன். டிக்கெட் இன்னும் என் பெயரில்தான் கிடக்கிறது. யாரையும் கேட்கவில்லை. நாலு வரி மாற்றினேன். டெஸ்ட் செய்ததையும் சேர்த்து நாற்பது நிமிடம்.

நாற்பது நிமிடம்தான்.

அடுத்த வாரம் எல்லார் போனிலும் வந்துவிடும்.

தவசி அண்ணே... அதை எழுதினவன் நான்தான். மேலிடத்தில் இருந்தவனும் நான்தான். எங்க வீட்டு மேஜையில உங்க பக்கத்துலயே உட்கார்ந்து காபி குடிச்சிக்கிட்டு இருந்தேன்.

மன்னிச்சிருங்க. போய்ட்டு வாங்கண்ணே.