அடங்க மறுத்த மூச்சு

அன்பான விசுவாசிகளே, கோபம் ஆறாமலேயே இதை எழுதுகிறேன்.

என் தம்பி அந்தோணி கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவன். சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவன் நான் மட்டும்தான், ஊசி மருந்து வாங்கித் தருவது என் பொறுப்பு, போட்டுக்கொள்வது அவன். தாய்மாமாவின் படகில் அவனுக்கு வேலை. "ஊசி போடுதவன் என் படகுல ஏறக்கூடாது" என்று மாமா சொன்னதும், எனக்குத் தெரியாமல் ஊசியை நிறுத்திவிட்டான்.

கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள் மதியம் வாந்தியெடுத்தான். பிறகு மூச்சு வாங்கியது. ஆழமாக, வேகமாக, ஓயாமல். வாயில் அழுகிய பழவாடை.

மாமா வந்து மோந்து பார்த்தார்.

"குடிச்சிருக்கான். ஏலே, மூச்ச அடக்குலே! எட்டுப் பாகம் ஆழம் இறங்குதவன் கரையில கெடந்து எளைக்கியே, வெக்கமாயில்ல?"

கடலுக்கடியில் பதறினால் மூச்சை அடக்கு. சங்கு குளிப்பவர்களின் முதல் பாடம் அது. மாமா அவன் வாயையே பொத்தினார்.

"கைய எடுங்க மாமா! ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நாலெழுத்து படிச்சிட்டு எனக்கே மூச்சு சொல்லித் தாரியோ?"

அவரைத் திட்டிய நானும் என்ன செய்தேன்? முழங்காலில் நின்று, "மாதாவே, இவன் மூச்சு அடங்கட்டும்" என்று அழுதேன். அடங்கவில்லை. தம்பி மாமாவின் கையைக் கடித்துத் தள்ளிவிட்டு இன்னும் வேகமாக இழுத்தான். கடவுள் மேலேயே வெறுப்பு வந்தது. செபமாலையை வீசியெறிந்துவிட்டு அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். மாமாவும் முனகிக்கொண்டே ஏறினார்.

டாக்டரம்மா எங்கள் இருவர் மேலும் எரிந்து விழுந்தார்.

"இன்சுலின் இல்லாம ரத்தத்துல ஆசிட் ஏறிக் கெடக்கு, வாயில பழவாடையும் அதனாலதான். அந்த ஆசிட்டக் குறைக்கத்தான் உடம்பு கரியமில வாயுவ இப்படி வெளிய தள்ளுது. கிட்னி சரிபண்ண நாளாகும், மூச்சுதான் உடனே செய்யும். அத அடக்கியிருந்தா பிணத்ததான் கொண்டுவந்திருப்பீங்க."

மாமா கடிபட்ட கையை வேட்டியில் மறைத்துக்கொண்டார்.

சலைன் ஏறியது, இன்சுலின் ஏறியது. மறுநாள் காலை மூச்சு தானாகவே அமைதியானது. "எண்ணே, பசிக்கு" என்றான். வார்டிலேயே அழுதேன்.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. தராததால்தான் என் தம்பி இருக்கிறான். கேட்கத் தெரியாதவன் கேட்டதையும் திருத்திக் கேட்கிற தேவனுக்கு நன்றி.

இப்போது இன்சுலின் பாட்டில் மாதா படத்தடியில், குளிர்ச்சிக்காக ஈரமணல் சட்டிக்குள் இருக்கிறது. ஊசி போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் செபம். மாமாவோடு இன்னும் நான் பேசவில்லை. அதற்காக நீங்கள் செபியுங்கள், எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மன்றாட்டு மறுக்கப்பட்டதாகத் தோன்றினாலும் அவரை நம்புங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். நான் வீசியதில் அறுந்த செபமாலையை அம்மா மறுபடி கோத்துத் தந்தாள். ஒரு மணி கிடைக்கவில்லை. அந்தக் குறை மாலையை வைத்துத்தான் செபிக்கிறேன்.