நசீர் நானாவின் மொட்டையும் என் மூன்று பக்க வசனமும்

எங்கள் வெப் சீரிஸின் கடைசி எபிசோட் போன வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏறிவிட்டது. இனிமேல் உண்மையைச் சொன்னால் யாரும் என்னை அடிக்க வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

'எங்கள்' என்பது கொஞ்சம் ஓவர்தான். சீரிஸ் ஷிபானாவுடையது. கண்டி டவுனில் ஒரு பார்மஸியில் வேலை செய்கிறாள். மாத்திரையை எண்ணிக்கொண்டே கதை யோசிக்கிற பிள்ளை. ஒரு நாள் இருமல் மருந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ராத்தா, நீங்க பத்தி எழுதுற ஆள்தானே... எனக்கு வசனம் எழுதித் தாறீங்களா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள். இருமலுக்கு நடுவில் தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான்! அடுத்த பதினான்கு மாதம் அம்பிட்டியவில் உள்ள என் வீடு என் வீடாகவே இல்லை. முன்கூடச் சாலைக்குள் லைட், குசினிக்குள் அடுப்பைச் சுற்றி வயர், என் கட்டிலில் யாரோ ஒருவர்.

கதை சின்னது. ஒரு வாப்பா, ஒரு மகள். மகள் தன் இஷ்டத்துக்கு ஒரு வேலைக்குப் போகிறாள். வாப்பா கோபத்தில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிடுகிறார். அதன்பிறகு ஐந்தாவது எபிசோட் வரை இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லை. ஆறாவதில் மகள் வாய் திறந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். மறுநாள் வாப்பா மன்னிப்புக் கேட்கிறார்.

அந்த மன்னிப்புக்குத்தான் நான் மூன்று பக்க வசனம் எழுதியிருந்தேன். எழுதும்போது நானே அழுதேன். என் எழுத்துக்கு நானே அழுவது வழக்கம்தான். ஆனாலும் இந்த முறை கொஞ்சம் கூட.

வாப்பாவாக நடித்தது நசீர் நானா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறை. பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தேழு. தலை நிறைய கருகருவென்று முடி. ஷிபானா சல்வார் துணி எடுக்கப் போன இடத்தில், அவர் ஒரு கஸ்டமரிடம் கோபப்படவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்ற முகத்தைப் பார்த்து, அங்கிருந்தே எனக்கு கோல் எடுத்தாள். "ராத்தா, வாப்பா கெடச்சிட்டாரு!"

மகளாக நடித்தது தர்ஷினி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கண்டியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கமெரா கசுன். பல்லேகலயிலிருந்து வருகிறவர், கல்யாண வீடியோ எடுப்பது தொழில். கமெரா அவருடையது. ஆகவே அவர்தான் கமெராமேன்.

எல்லோருக்கும் வேலை இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு என்றால் அது பௌர்ணமி லீவான போயா மட்டும்தான். மாதத்துக்கு ஒரு நாள்! நிலாவைப் பார்த்து ஷூட்டிங் வைத்த கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அதிலும் ஒரு சிக்கல். போயா என்றால் பக்கத்து மலையில் புத்த விகாரையான பன்சலையில் காலையிலிருந்தே ஸ்பீக்கரில் பண உபதேசம் ஓதுவார்கள். பிக்கு ஹாமதுருவின் குரல் என் சாலைக்குள் என்னைவிடத் தெளிவாகக் கேட்கும். அவர்கள் பகல் சாப்பாட்டுத் தானத்துக்கு நிறுத்துகிற நேரத்துக்கும், கீழே பள்ளிவாசலில் நண்பகல் ளுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்கிற நேரத்துக்கும் இடையில் ஒரு முக்கால் மணித்தியாலம் கிடைக்கும். வசனம் உள்ள ஸீனெல்லாம் அதற்குள்தான். பதினான்கு மாதமும் அப்படித்தான் எடுத்தோம்.

கடைசி ஸீன் மட்டும் மிச்சம். அப்போதுதான் தர்ஷினிக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ கொன்ட்ராக்ட். போயா ஞாயிற்றுக்கிழமை, பிளைட் புதன்கிழமை. அந்த ஞாயிறு விட்டால் சீரிஸ் முடிவே இல்லாமல் நின்றுவிடும். ஷிபானா இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளுடைய உம்மா எனக்கு கோல் எடுத்துக் கவலைப்பட்டார்.

அந்த ஞாயிறு காலை நசீர் நானா வந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று வாய் நிறையச் சொல்லி, பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்து, தொப்பியைக் கழற்றினார்.

மொட்டை. பளபளவென்று மொட்டை!

முதலில் வாய் திறந்தது கசுன்தான். "நானா... கொண்டே கோ?"

முடி எங்கே என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஷிபானா பேயறைந்த மாதிரி நின்றாள்.

நானா மக்காவுக்கு உம்றா யாத்திரை போய் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் திரும்பியிருந்தார். உம்றா முடித்தால் ஆண்கள் முடி இறக்குவார்கள். இது எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சரி, அவர் சொல்லாமல் போனாரா? அதுதான் இல்லை! போவதற்கு முன் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று வீடு வீடாகப் போய் மாப்பு கேட்பது, அதாவது தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றம்குறைக்கு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நானா எங்கள் யூனிட்டையும் விடவில்லை. என்னிடம் கேட்டார். தர்ஷினியிடம் கேட்டார். கசுனிடம் சிங்களத்தில் கேட்டார். நாங்களும் கண் கலங்கி, "அப்படி ஒண்டும் இல்ல நானா, எங்களுக்கும் துஆ செய்யுங்க" என்று வழியனுப்பினோம்.

ஷிபானா ஒரு தடித்த நோட்டு, சீ.ஆர். கொப்பி, வைத்திருக்கிறாள். போன ஷூட்டில் கோப்பையின் பிடி எந்தப் பக்கம், திரைச்சீலை எத்தனை மடிப்பு, நானாவின் சேர்ட்டில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது... எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவளும் துஆ கேட்டாள். "சீரிஸ் நல்லபடியா முடியணும்னு கேளுங்க நானா."

"கேட்டேன் மகள்," என்றார் நானா, மொட்டையைத் தடவிக்கொண்டே. "கஃபாவப் பாத்துக் கேட்டேன்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கசுன் யாரையோ பிடித்து ஒரு விக் கொண்டுவரச் செய்தார். நடனக் குழு ஒன்றின் விக். அதைப் போட்டதும் நானா பாடசாலை நாடகத்து ராஜா மாதிரி இருந்தார். தர்ஷினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நெற்றிக்கு மேலே தெரியாமல் எடுத்துப் பார்த்தோம். ஆளைப் பாதி மறைத்துவிட்டு மூன்று பக்கம் வசனம் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? தொப்பியைப் போட்டால் என்ன என்று கேட்டேன். ஓரத்தில் முடி இல்லையே என்றாள் ஷிபானா. அதுவும் சரிதான். நேரமோ பதினொன்றாகிவிட்டது.

நானா குசினிப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஷிபானா தேத்தண்ணி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

"கொஞ்சமா கத்தரிச்சிருந்தாலும் போதும் மகள். எனக்குத் தெரியும். ஆனா முழுசா வழிச்சா நன்மை கூடதானே... அங்க நிக்கக்குள்ள இந்த சீரிஸ், கமெரா ஒண்டுமே ஞாபகம் வரல்ல. அல்லாஹ் மேல சத்தியமா வரல்ல. ஒன்ட பதினாலு மாசத்தையும் நான் பாழாக்கிட்டேன்."

கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. ஐம்பத்தேழு வயது மனுஷன்.

"அங்க நிண்டு எங்கட சீரிஸ் ஞாபகம் வந்திருந்தாத்தான் நானா எனக்குக் கவலை," என்றாள் ஷிபானா. எனக்கு அந்தப் பிள்ளையை அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அணைத்துக்கொண்டேன். தேத்தண்ணி கொட்டியது.

அப்போதுதான் தர்ஷினி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு ஒன்று கேட்டாள். "நானா, நீங்க போறதுக்கு முன்னாடி எங்க எல்லாருகிட்டயும் மன்னிப்பு கேட்டீங்கல்ல... கதையில வர்ற வாப்பாவும் இப்படி உம்றா போயிருந்தா, மகள்கிட்ட கேட்டிருப்பாரா?"

நானா அண்ணாந்து பார்த்தார். "ஊரெல்லாம் கேட்டிருப்பான்," என்றார். "மகள்கிட்ட மட்டும் கேட்டிருக்க மாட்டான். ரோசக்காரன்."

ஷிபானா என்னைப் பார்த்தாள். நான் என் மூன்று பக்கத்தைப் பார்த்தேன். 'மறுநாள்' என்பதை 'ஒரு மாதம் கழித்து' என்று மாற்றினால் போதும். வாப்பா உம்றா போய் வந்துவிட்டார், பார்க்க வந்தவர்களோடு மகளும் வருகிறாள். முடி ஏன் இல்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் என் வசனம்? மழை பெய்த இரவு, சின்ன வயதில் வாங்கிக் கொடுத்த செருப்பு என்று நான் உருகி உருகி எழுதியதெல்லாம்? "இதில் கொஞ்சத்தையாவது சேர்க்கலாமே..." என்று இழுத்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பன்சலையில் ஸ்பீக்கர் நின்றது. கசுன் கையைக் காட்டினார்.

மகள் உள்ளே வந்தாள். வாப்பா கதிரையிலிருந்து எழும்பினார். மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரை ஒரு சின்னக் கோப்பையில் நீட்டினார். அவள் வாங்கினாள், குடிக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். "மகள்... ஒன்கிட்ட மட்டும் கேக்காமப் போய்ட்டேன்" என்றார். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை.

தர்ஷினி அந்த மொட்டையைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். பிறகு கையை மெதுவாக அவர் தலையில் வைத்தாள். ஷிபானா அப்படிச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. வைத்த கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். புதன்கிழமை அவள் போகிறாள் என்பது அந்த நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. நானாவின் தோள் குலுங்கியது. ஷிபானா கட் சொல்ல மறந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கீழே பள்ளியில் வாங்கு ஆரம்பித்த பிறகுதான் கசுன் கமெராவை நிறுத்தினார். ஒரே டேக்.

தர்ஷினி புதன்கிழமை போய்விட்டாள். சீரிஸ் முடிந்தது.

இப்போது எபிசோடுக்குக் கீழே கமெண்ட் குவிகிறது. "கேரக்டருக்காக மொட்டை அடித்த அந்த நடிகருக்கு ஒரு சல்யூட்!" என்று ஒருவர் தொடங்கிவைத்தார். "என்ன ஒரு அர்ப்பணிப்பு!" என்று பின்னால் வரிசையாக வருகிறார்கள்.

நசீர் நானா கடையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறார். "இது படத்துக்கு எடுத்தது இல்ல மகன். உம்றாவுக்கு எடுத்தது. படத்துக்கு என்றால் எடுத்திருக்கவே மாட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ஷிபானா தலையில் கை வைத்தாள். "விடுங்க நானா, நல்லாத்தானே சொல்றாங்க!"

"எனக்கில்லாத பேர் எனக்கெதுக்கு மகள்?" என்கிறார் மனுஷன். அடுத்த கமெண்டுக்கும் பதில் போடுகிறார்.

அதற்குக் கீழே ஒரு ரசிகர் எழுதியிருக்கிறார்: "உச்சக்கட்டத்தில் பக்கம் பக்கமாக வசனம் எழுதாமல் மௌனத்தை நம்பிய வசனகர்த்தாவின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன்."

நான் "மிக்க நன்றி" என்று போட்டேன். கூடவே இரண்டு இதயமும்.