லைன் ஒன்று அல்ல, லைன் ஏழு

மாலை நாலரைக்கு யோகமலர் தபாற்கந்தோருக்குள் தலையை நீட்டி, "ஐயா, நமக்கு ஏதும்?" என்பாள். இல்லை என்று நான் தலையாட்டுவேன். "சரிங்க, பெரட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் நுழைவாள். இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரு போட்டோக்கொப்பி மெஷினும் உள்ள ஜௌபரின் கொமியூனிகேஷன் அது. தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்றால் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. இவளுடைய பெரட்டு ஈமெயில் பார்ப்பது.

பகலில் அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் இருபத்திரண்டு குழந்தைகளும் அவள் பொறுப்பு. மாலையில் வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறாள். தூங்க மறுக்கும் பிள்ளை, கடிக்கிற பிள்ளை, தாயைக் கண்டதும் மட்டும் அழுகிற பிள்ளை என்று பகலில் கையில் பட்டதெல்லாம் மாலையில் கட்டுரையாகிவிடும். லுணுகலைக்கு மேலே, மூன்று மைல் தூரத்தில், இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த வெளிநாட்டுத் தாய்மாருக்கு எங்கே தெரியப் போகிறது!

நான் யாழ்ப்பாணத்தான். மாற்றலாகி இங்கே வந்து நாலு வருஷம். எரிந்து விழுகிறவன் என்று கந்தோரில் எனக்குப் பேர். அவளைப் பார்த்து எனக்கும் எழுத்துச் சபலம் தட்டியது. கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"வெறுங்கையோட போய் வேல கேக்காதீங்க ஐயா. சாம்பிளுக்கு மூணு எழுதி வச்சுக்கிட்டுக் கேளுங்க. அறுநூறு வார்த்தன்னா அறுநூறுதான், ஒங்க புலமையெல்லாம் காட்டப்படாது. தெரிஞ்சத எழுதுங்க. தெரியாட்டி மூணு எடத்துல பாத்துட்டு எழுதுங்க. திருத்தச் சொன்னா கோவிக்காதீங்க."

கடைசியைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். முத்திரை சேகரிப்பது பற்றி நான் எழுதிய கட்டுரையைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "மொதப் பக்கம் பூரா வணக்கம்தான் சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அவளுக்கு வேலை பிடித்துத் தருகிறவன் பண்டாரவளையில் இருக்கிறான். அவனை அவள் கங்காணி என்றுதான் சொல்வாள். எழுதுவது இவள், தளத்தில் வருவது அவன் பேரும் படமும். பல் முளைக்கிற பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று ஒரு மீசைக்காரன் தாய்மாருக்குப் புத்தி சொல்கிறான்! ஜௌபர் அதைக் காட்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எம் பேரு வரணுங்க ஐயா" என்றாள்.

பேர் வர வேண்டுமானால் தளத்தில் அவளுக்கென்று கணக்கு வேண்டும். அதற்கு முகவரி உண்மைதானா என்று பார்க்க, தபாலில் ஓர் இரகசிய எண் அனுப்புவார்கள். மூன்று தடவைதான் அனுப்புவார்கள். அந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் கணக்கு இல்லை.

முதல் தடவை நடந்தது ஒரு கூத்து. படிவத்தில் ஆங்கிலத்தில் 'முகவரி, லைன் ஒன்று' என்று ஒரு பெட்டி இருந்தது. முதலாவது வரி என்று அர்த்தம். ஆனால் இங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கும் ஆங்கிலத்தில் லைன் என்றுதான் பேர். ஏழாம் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ன செய்வாள்? 'லைன் ஒன்று அல்ல, லைன் ஏழு' என்று மரியாதையாகத் திருத்திவிட்டாள். அப்படியே அச்சாகி உறை வந்து சேர்ந்தது. தபால் பிரிக்கும்போது நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதைத் தோட்டத்துப் பைக்குள் போட்டேன்.

தோட்டத்துக் கடிதம் எல்லாம் ஒரே பையில் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து லயத்துக்குப் போய்ச் சேருவது அவரவர் அதிர்ஷ்டம். அந்தக் கடிதம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்காக முகவரி எழுதிய இரண்டாவதும் கிடைக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு வந்த ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதமும் அப்படித்தான் தோட்டக் கந்தோர் மேசை லாச்சிக்குள் இரண்டு மாதம் கிடந்ததாம். அதைக் கேட்ட பிறகு, நான் சிரித்த சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

"ஏன் பிள்ளை, ஜௌபரின்ர கடை விலாசத்தைக் குடுத்தால் என்ன?"

"கடையிலயா ஐயா நான் இருக்கேன்? நான் இருக்கிற எடத்துக்கு வரணும்."

மூன்றாவது தடவை படிவத்தை நிரப்பியபோது ஜௌபர் பதறிப்போனார். "என்ன புள்ள, திரும்பவும் லைன் ஒன்று அல்லண்டு அடிச்சிருக்கிற!"

"இருக்கட்டும் ஜௌபர் நானா. அப்பத்தான் ஐயா கண்ணுல படும்."

பட்டது. போன வெள்ளிக்கிழமை உறை வந்தது. பைக்குள் போடாமல் மேசையில் எடுத்து வைத்தேன். விதிப்படி அது பிழை. அடப் போங்கடா, இதற்கு மேல் என்ன விதி! நாலரைக்கு அவள் தலையை நீட்டியதும் உறையை நீட்டினேன்.

கை வந்தது. பாதி வழியில் நின்றது.

"என்ன எடமுங்க போட்டிருக்கு?"

"லைன் ஏழு எண்டுதான்."

"அப்ப அங்க வந்து குடுங்க ஐயா. ஒரு தடவ வந்துட்டா வழி பழகிரும். மத்தவங்க கடுதாசியும் வரும்ல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முழங்கால் வலிக்காரனை மூன்று மைல் மலை ஏறச் சொல்கிறாள்! இரவு முழுக்கத் திட்டினேன். சனிக்கிழமை காலை ஏறினேன்.

நான் மலை ஏறுவதைக் கண்டு யாரோ முன்னால் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். ஏழாம் லயத்து வாசலில், தலை வாரி, போன தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்து வாசல்களிலும் ஆட்கள். மூச்சு வாங்க உறையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எங்கங்க ஐயா கையெழுத்து வைக்கணும்?"

"சாதாரணக் கடிதம் பிள்ளை. கையெழுத்து ஒண்டும் வேண்டாம்."

காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் பேனாவைக் கேட்டு வாங்கினாள். என் குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்து, முழுப்பேரையும் நிறுத்தி எழுதினாள். அதன் கீழே, ஏழாம் லயம். அதற்குப் பிறகுதான் கடிதத்துக்குக் கையை நீட்டினாள்.