பாரிசுக்குப் போன என் கடிதங்கள்

எங்கள் வீட்டில் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் அதை உடைப்பது ஆண்பிள்ளைதான். அப்பா இருந்த காலத்தில் அப்பா உடைத்தார். வலை திருத்துகிற கத்தியால் உறையின் ஓரத்தைக் கீறி, முதலில் தான் மனதுக்குள் வாசித்துவிட்டு, பிறகு விறாந்தையில் கதிரையைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததை எனக்கு முன்பே பக்கத்து வளவுக்காரர் அறிந்திருந்தார்கள். பயிற்சிக் கலாசாலைத் தோழி ஒருத்தி நத்தார்ப் பண்டிகை வாழ்த்து மடலில் எழுதிய பகிடியை அப்பா உரத்து வாசித்து, விளங்காமல், என்னையே விளக்கச் சொன்னார். இதில் ஒருவருக்கும் வெட்கம் இருக்கவில்லை. எங்கள் ஊரான நாரந்தனையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடிதம் குடும்பத்துக்கு வருவது. பெயர் தபால்காரருக்காக எழுதப்படுவது.

அப்பா செத்தபிறகு அந்த உரிமை அண்ணைக்குப் போனது. அண்ணை பாரிசில் இருந்தார். அங்கே இருந்துகொண்டு நாரந்தனைக்கு வரும் உறையைக் கீற முடியாது என்பதால், சில வருடங்கள் என் கடிதங்களை நானே உடைத்தேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சமாதானம் என்று சொல்லி, யாழ்ப்பாணத்துக்கு வருகிற கண்டி வீதியைத் திறந்துவிட்ட காலத்தில் அண்ணை லீவில் வந்தார். கொழும்பில் ஒரு கணினி வாங்கி, சோதனைச் சாவடிகளில் பெட்டியைத் திறந்து திறந்து காட்டி, வான் வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். ஹோலில் மாதா சுருவச் சிலைக்குக் கீழே ஒரு மேசையில் அது குடியேறியது. அம்மா அதற்குப் பின்னல் துணி போட்டு மூடினார். கூரையில் அன்ரனா பூட்டிய தொலைபேசி எங்களிடம் இருந்தது. அதன் வயரைக் கணினியில் கொழுவி, எனக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி எடுத்து, கடிதங்கள் வந்து விழுகிற மென்பொருளையும் அண்ணை ஒழுங்குபடுத்தித் தந்தார்.

"எல்லாம் செற் பண்ணியாச்சு. இதை அமத்தினால் வரும். எழுதிப்போட்டு இதை அமத்தினால் போகும். மற்ற ஒண்டிலயும் கை வையாதை, பிறகு பழுதாப் போடும்" என்றார். அனுப்புகிற கடிதத்தின் பிரதி உள்ளே நின்றால் இடம் பிடிக்கும் என்று அதற்கான சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். என்றாலும் அண்ணை சொன்னார் என்று கை வைக்கவில்லை.

போவதற்கு முன் இன்னொன்றையும் செற் பண்ணிவிட்டுப் போனார். அது எனக்கு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை நெடுந்தீவைச் சேர்ந்தவர், எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர், நோர்வேயின் வடக்கில் மீன் பதனிடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அவருக்கு நாற்பது கிட்டிக்கொண்டிருந்தது. அண்ணை இரண்டு பேருக்கும் மற்றவரின் முகவரியைக் கொடுத்து, "எழுதிப் பழகுங்கோ, இப்ப எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். அண்ணைக்கு இவ்வளவு பரந்த மனமா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

அவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார். முதலில் வாசிக்கக் கண் வலிக்கும், பழகினால் குரல் கேட்கும். நெடுந்தீவில் மீன் நாற்றத்துக்குப் பயந்து உலகத்தின் மற்ற முனைக்கு ஓடியவன், அங்கேயும் மீனுக்குள்ளேயே போய் விழுந்தேன் என்று எழுதினார். சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களைப் பற்றி எழுதினார். நான் பள்ளிக்கூட ஓய்வறைச் சண்டைகளை எழுதினேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விசயம் மட்டும் விளங்காமல் இருந்தது. இணையத்துக்குத் தொடுப்பு எடுத்ததும் திரையில் ஒரு பெட்டி வந்து, 'ஒரு கடிதம் பெறப்படுகிறது' என்று காட்டும். அது முடிந்த கையோடு 'ஒரு கடிதம் அனுப்பப்படுகிறது' என்றும் காட்டும். நான் ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன். கிடைத்தது என்று மற்றப் பக்கத்துக்கு அறிவிக்கிறதாக்கும், நல்ல பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்கு நாள் பார்த்து, அவர் விமானச் சீட்டு எடுக்க இருந்த கிழமை, வழமையை விட நீளமான கடிதம் ஒன்று வந்தது. நோர்வேக்குப் போன புதிதில், இருட்டு மாதங்களில், தனக்குச் சுகமில்லாமல் போனதாம். கதைப்பதை நிறுத்தி, அறையை விட்டு வெளியே வராமல் கிடந்து, மனநோய் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் இருந்தாராம். இப்போது சுகம். தினமும் ஒரு மருந்துக் குளிசை போடுகிறார். 'இதை உமக்குச் சொல்லாமல் தாலி கட்ட எனக்கு ஏலாது. வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. யோசிச்சு முடிவு சொல்லும். வேண்டாம் எண்டாலும் நான் கோவிக்க மாட்டன்' என்று முடித்திருந்தார்.

நான் யோசித்தேன். குளிசை போடுகிறவரைப் பற்றி அல்ல. இப்படி ஒன்றைத் தானாக எழுதுகிற ஆணை என் வாழ்க்கையில் வேறெங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். பிறகு ஓம் என்று எழுதினேன். குளிசையை நான் ஞாபகப்படுத்துவேன் என்றும் எழுதினேன். அவர் சீட்டை எடுத்தார். அந்த ஞாயிறு கோயிலில் எங்கள் கலியாண அறிவித்தல் முதல் தரம் வாசிக்கப்பட்டது. எங்கள் சபையில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியாரிடம் சொல்ல வேண்டும் என்பது முறை. இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் தொலைபேசி அடித்தது.

"உன்னை ஒரு விசரனுக்கோ குடுக்கிறது? நல்லகாலம், இப்பவாவது தெரிய வந்தது" என்றார் அண்ணை.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உனக்கு வாறது எல்லாம் எனக்கும் வருந்தானே" என்றார். கிணற்றில் தண்ணீர் வருகிறது என்பதைப் போலச் சொன்னார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "நான்தான் செற் பண்ணி விட்டனான். லீவு நாளில இருந்து மொத்தமா வாசிக்கிறனாங்கள்."

வாசிக்கிறனாங்கள். அண்ணியும் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து இருப்பாவாம். அவர் எழுதுகிற மீன் பகிடிகளுக்கு அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாவாம். இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பு முழுக்க யாரோ எச்சில் கையால் தடவியது போல இருந்தது.

"நான் அவருக்கு ஓம் எண்டு எழுதிப்போட்டன் அண்ணை. தெரிஞ்சுதான் எழுதினனான்."

"நீ என்ன எழுதினனி எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? உனக்கு வாறதுதான் எனக்கு வரும். நீ எழுதிறது வராதே."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டு என்ன? நான் அவருக்கு நேற்றே எழுதிப்போட்டன், தங்கச்சிக்கு விருப்பமில்லை எண்டு. சுவாமியாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன்."

தொலைபேசியை வைத்தேன். அந்த உடுப்போடேயே கணினிக்கு முன் இருந்து, கை வைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் கை வைத்தேன். மேலே வரிசையாக இருந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக அமத்தினேன். கருவிகள் என்ற சொல்லுக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று, கடைசியில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் சரி அடையாளம் போட்ட ஒரே ஒரு கட்டளை. வருகிற கடிதம் எதுவானாலும் இந்த முகவரிக்கு அனுப்பு என்று இருந்தது. முகவரி அண்ணையுடையது. அந்த மென்பொருளில் கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். அண்ணை வைத்த பெயர் 'தங்கச்சி'.

பாசத்தில் வைத்தாராம். பிறகு சொன்னார்.

அதைவிட அருவருப்பான இன்னொன்று இருந்தது. அந்தக் கட்டளை தானாக எங்கிருந்தோ ஓடவில்லை. நான் அந்தக் கணினியில் தொடுப்பு எடுக்கும்போதுதான் அது வேலை செய்தது. அவரது கடிதம் வந்திருக்குமோ என்று ஆசையோடு ஓடிவந்து அமத்திய ஒவ்வொரு முறையும், அந்த ஆசையை வைத்தே எல்லாவற்றையும் பாரிசுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒரேயொரு ஆறுதல், என் பெட்டிக்குள் வந்து விழுந்த ஆண்மைக் குளிசை விளம்பரங்கள் அத்தனையும் ஒன்றுவிடாமல் அண்ணைக்கும் அண்ணிக்கும் போயிருக்கும். தேத்தண்ணியோடு அவற்றையும் வாசித்திருப்பார்கள்.

நான் எழுதிய ஓமைக் காட்டலாம் என்று தேடினேன். பிரதி இல்லை. இடம் பிடிக்கும் என்று அண்ணை நிறுத்தியிருந்தார் அல்லவா. மாப்பிள்ளை எழுதியது முழுவதும் நோர்வே, பாரிஸ், என் பெட்டி என்று மூன்று இடத்தில் இருந்தது. நான் எழுதியது எங்கள் வீட்டில் எங்கேயும் இல்லை.

சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, கட்டளையையும் அழித்தேன். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை பாக்காமல் வேறை ஆர் பிள்ளை பாக்கிறது?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அப்பா விறாந்தையில் இருந்து வாசித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அப்பா என் கண்ணுக்கு முன்னால் வாசித்தார் அம்மா என்றேன். அம்மா மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் சுவாமியாரிடம் போனேன்.

"உம்மட அண்ணை கதைச்சவர். ரண்டாந்தரம் வாசிக்க வேண்டாம் எண்டு சொன்னவர்" என்றார்.

"கலியாணம் எனக்கல்லோ சுவாமி?"

"அது சரி பிள்ளை. வீட்டில கதைச்சு ஒரு முடிவா வாரும்." பாரிசில் இருந்து பேசிய ஆண் ஒருவரின் சொல்லுக்கு, நேரில் வந்து நின்ற என் சொல்லை விட நிறை கூடவாக இருந்தது. அவர் நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அவரது நல்ல முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த ஞாயிறு எங்கள் பெயர் வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பெண்கள் விசுக்கோத்துப் பைக்கற்றும் வாழைப்பழமும் கொண்டு வரத் தொடங்கினார்கள். செத்தவீட்டுக்கு வருகிற முகம், கலியாணவீட்டுக்கு வருகிற கால். "தப்பீட்டீர் பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார்கள். "கலியாணம் கட்டினாப் பிறகெல்லோ விசர் வெளிச்சிருக்கும்" என்றார்கள். ஒருத்தி அவர் கதைப்பதை நிறுத்திய கதையை, அறைக்குள் கிடந்த கதையை, எனக்கே திருப்பிச் சொன்னாள். எனக்கென்று எழுதிய சொற்கள், அண்ணியின் வாயால் ஊருக்கு வந்து, இவளின் வாயில் வாழைப்பழத்தோடு சேர்ந்து குழைந்துகொண்டிருந்தன. எழும்பிப் போய்க் கிணற்றடியில் வாய் கொப்பளித்தேன்.

அவருக்கு நான் எல்லாவற்றையும் எழுதினேன். கட்டளையைப் பற்றி, அண்ணை என் பெயரில் சொன்ன பொய்யைப் பற்றி, கட்டளையை நான் அழித்ததைப் பற்றி. என் ஓம் ஓம்தான் என்று எழுதினேன். அந்தக் கிழமை தினமும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தொடுப்பு எடுத்துப் பார்த்தேன். பெறப்படுகிறது என்ற பெட்டி வரவில்லை. அனுப்பப்படுகிறது என்ற பெட்டியும் வரவில்லை. கணினி வெறுமனே நின்றது.

பிறகு ஒரு நாள் பதில் வந்தது. சின்னக் கடிதம். தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்கிற எங்கடை ஆட்களுக்கு இப்போது ஆஸ்பத்திரிக் கதை தெரியும் என்றும், மீன் வெட்டுகிற கத்தியைத் தன் கையில் கண்டால் விலகி நிற்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். 'உம்மில எனக்குக் கோவம் இல்லை. நீர் சொல்லுறதை நம்புறன். ஆனால் உமக்கு எழுத இருந்தால், இன்னும் ஆர் ஆர் இருந்து வாசிக்கினமோ எண்டுதான் நினைப்பு வருகுது. வசனம் வருதில்லை. சீட்டைத் திருப்பிக் குடுத்திட்டன்.'

அதற்கு நான் மூன்று தரம் எழுதினேன். ஒருவரும் வாசிக்கவில்லை, நான் மட்டும்தான் என்று. எழுதும்போதே தெரிந்தது, அதை நிரூபிக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை. பதில் வரவில்லை. அவருக்கு ஒரு நோய், ஒரு வருத்தம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இருந்த வருத்தத்துக்குத்தான் குளிசை இல்லை.

சில மாதங்கள் கழித்து அண்ணை தொலைபேசி எடுத்தார். உற்சாகமாக இருந்தார்.

"இது நல்ல இடம். பெடியன் கனடாவில எக்கவுண்டன்ற். உன்ரை ஈமெயிலைக் குடுத்திருக்கிறன், எழுதுவான். ஆனால் கொம்பியூட்டரில ஏதோ பிழை போல கிடக்கு, எனக்கு ஒண்டும் வருதில்லை."

"பிழை இல்லை அண்ணை. நான்தான் நிப்பாட்டினனான்."

அண்ணை உண்மையான கவலையோடு கேட்டார்.

"ஏன் பிள்ளை, உனக்கு எங்களிட்டை மறைக்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை" என்றேன். "இனி ஒண்டுமில்லை."