பாட்டு யாருடையது

தொண்டையில் புற்று என்று என் நண்பரின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலை முன்னே நின்று ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சிவன் கோயிலில் அவர் முதலடி எடுக்க, நாங்கள் பின்பாடுவோம். எஞ்சியிருந்த அவர் குரலெல்லாம் அவருடைய மகள் இணையத்தில் ஏற்றிவைத்த காணொளிகளில் மட்டுமே இருந்தது. மூலப்பதிவுகள் அவளுடைய பழைய கைபேசியோடு போய்விட்டன. காலைதோறும் அவர் தம் குரலைத் தாமே கேட்டுக்கொண்டு திருநீறு பூசிக்கொள்வார். சனிக்கிழமைகளில் கோயில் ஒலிபெருக்கியிலும் அவற்றையே போட்டோம்.

ஓர் ஒலிநாடா நிறுவனம் அந்தக் காணொளிகளின்மேல் உரிமை கோரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அருளாளர் ஒருவர் இறைவன் செவிக்கென்றே பாடிய பதிகங்கள் அவை. நிறுவனத்தின் பாடகரும் அதே பண்ணில், வழிவழி வந்த அதே முறையில் பாடியிருந்தார். முறை பிழையாமல் பாடியதே குற்றமாயிற்று. இரண்டும் ஒன்றென்று காணொளித் தளத்தின் இயந்திரம் முடிவுகட்டியது.

மறுப்புத் தெரிவிக்க மகள் கைபேசியோடு உட்கார்ந்தாள். நானும் உடனிருந்தேன்.

"நைனா, பாட்டு உன்னுதான்னு கேக்கறான். ஆமான்னு போட்டுடட்டா?"

அவர் சிலேட்டில் எழுதினார்: "பொய் வேணாம். பாட்டு சாமிது."

"சாமியா வந்து சாட்சி சொல்லும்? பேஜாரு பண்ணாத நைனா."

அவர் சிலேட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். நானும் அவர் பக்கமே பேசினேன். அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். பாட்டு தம்முடையதன்று என்று பாடியவரே ஒப்புக்கொண்டதாக விடை வந்தது. காணொளிகள் அத்தனையும் நீங்கின.

"இனிமே வம்பே வேணாம். கம்பெனி பாட்டையே போட்டுக்கலாம்" என்றார் கோயில் நிர்வாகி. அடுத்த சனிக்கிழமை ஒலிபெருக்கியில் அந்த நிறுவனத்தின் பதிவு பாடியது. நண்பர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான தூணடியில் அமர்ந்து, கண்மூடி உதடசைத்தார்.

பணிமுறை முடிந்து வந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் அவரைக் குனிந்து பார்த்தார். அறுவையைப் பற்றி அறியாதவர்.

"இன்னா நைனா, ஆளையே காணோம். ஆனா கொரலு முன்ன வுட சோக்கா கீதே."

நண்பரின் உதடுகள் நின்றன. சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "என்னுது இல்ல."

"தெரியுமே" என்று சிரித்தார் தொழிலாளி. "எல்லாம் சாமிதுன்னு சொல்லுவ."